"பிறகு பார்க்கலாம்"

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது.

உன் சின்ன மகனைப் பார்த்துக்கொள்ளப் பேத்தியை ஒரு வருடம் பள்ளியிலிருந்து நிறுத்தப் போகிறாயா என்று கேட்டபோது, "பிறகு பார்க்கலாம் அம்மா" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினாய். நானும் மழையைப் பற்றியே பேசினேன்.

ஆப்கானிஸ்தான் செய்திகளை நான் விடாமல் படித்து வருகிறேன். 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே ஆறாம் வகுப்பைத் தாண்டிய ஆண் பிள்ளைகளை மட்டும் பள்ளிக்கு அழைத்தார்கள். 2022 மார்ச் 23ஆம் தேதி பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி உண்டு என்று அறிவித்து, ஆசையோடு வந்து வகுப்பில் உட்கார்ந்தவர்களைச் சில மணி நேரத்திலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றும் 'படிக்கவே கூடாது' என்று சொல்லவில்லை. முறையான சீருடையும் திட்டமும் முடிவாகும் வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள். அந்த டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும், 2024 டிசம்பரில் செவிலியர், மகப்பேற்றுப் பயிற்சிகளின் கதவும் சாத்தப்பட்டன. பெண்ணுக்குப் பெண்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பவர்கள், நாளைக்குப் பிரசவம் பார்க்க யாரை அழைப்பார்களோ தெரியவில்லை.

உன்னை நான் அவர்களோடு சேர்க்கவில்லை. பகலில் வேலை பார்த்து இரவில் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளை நீ. அதை இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உன் பெரிய அத்தையையும் யாரும் படிக்க வேண்டாம் என்று தடுக்கவில்லை. "தம்பி முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்றுதான் தாத்தா சொன்னார். நீ தாளில் போட்டுத் திணறிய வட்டிக் கணக்கை, அத்தை அடுப்படியில் நின்றபடியே வாயால் சொல்லி முடித்ததை நீ மறந்திருக்க மாட்டாய்.

மருமகள் வேலைக்குப் போவது நல்லது. அதை விடச் சொல்ல மாட்டேன். சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதும் எனக்குப் புரியாமலில்லை. அதற்குப் பதின்மூன்று வயதுப் பெண்தான் கிடைத்தாளா? ஒரு வருடம்தானே என்று நினைக்காதே. விட்ட இடத்திலிருந்து தொடர, அவளோடு படித்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள். எது எப்படியானாலும் பள்ளியிலிருந்து டிசியை மட்டும் வாங்கிவிடாதே.

நான் வந்து சின்னவனைப் பார்த்துக்கொள்கிறேன், அப்பாவிடம் பேசிவிட்டேன். எனக்குப் பயணச்சீட்டு எடு. டிசி வாங்காதே. பள்ளி திறக்கும் தேதியை அவளையே எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
அம்மா