உன்னை விட்டுவிட்டு நிற்கிறார்கள், பிள்ளை

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று இரவு வட்சப்பில் நீ கதைத்தபோது நான் "ம், ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது உனக்கு மனவருத்தமாக இருந்திருக்கும். அப்பா பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மம்மா வேறு "ஆர் பிள்ளையோ, சாப்பிட்டாளாமோ" என்று நடுவில் நடுவில் கேட்டுக்கொண்டிருந்தா, அந்தச் சத்தத்துக்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால் விடிய வெள்ளென எழும்பி, முற்றம் கூட்டிவிட்டு, மற்றவர்கள் எழும்ப முதல் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். கம்பஸுக்குப் போகிற பஸ்ஸில் இருந்து ஆறுதலாக வாசி.

உன்னுடைய கூடைப்பந்து அணியைப் பற்றி நீ கேட்டது இதுதான்: "நான் பொயின்ற் கார்ட் அம்மா, பந்தைக் கொண்டுபோய் மற்றவைக்குக் குடுக்கிறதுதானே என்ரை வேலை. கோச் எறி எறி எண்டுறார். சீனியர் அக்காமார் நீ கனக்க எறியிறாய் எண்டுகினம். நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?"

நீ அனுப்பின மூன்று வீடியோவையும் நான் முழுதாகப் பார்த்தேன். மூன்றாவதை இரண்டு தரம் பார்த்தேன். முதல் மாட்சில் நீ 19 புள்ளி எடுத்தாய், வென்றீர்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கதை வந்தது, "எல்லாத்தையும் தானே அடிக்கிறாள்" என்று. அடுத்த இரண்டு மாட்சிலும் உன்னுடைய கை கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது மாட்சின் இரண்டாம் பாதியில், உன்னை மறிக்க வேண்டிய அந்த நீலச் சட்டைப் பிள்ளை உன் பக்கமே வரவில்லை, கவனித்தாயா? அவள் கூடைக்கு முன்னால் போய் நின்று, கூடைக்குக் கிட்ட நின்று போடுகிற உங்கள் சென்ரர் அக்காவை மறித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கொப்பியில் கோடு போட்டுப் போட்டு எண்ணினேன். 11 தரம் உனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. நீ எறிந்தது 2 தரம்.

என்னுடைய பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். எறி பிள்ளை. ஆளில்லாமல் நிற்கிறபோது எறி.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், நான் பந்து கொடுத்தே வாழ்ந்தவள். என்னுடைய பழைய கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணியில் நான் சென்ரர், உங்கள் சென்ரர் மாதிரி இல்லை, நடுவில் ஓடிப் பந்து கொடுக்கிற இடம், நெஞ்சிலும் முதுகிலும் 'சி' எழுத்துப் போட்ட துணியைக் கட்டிக்கொண்டு ஓடுவேன். அந்த விளையாட்டில் சென்ரருக்கு மைதானம் முழுவதும் ஓடலாம், இரண்டு கோல் வட்டங்களுக்குள்ளும் மட்டும் கால் வைக்க முடியாது. கோல் எறிகிற உரிமை கோல் ஷூட்டருக்கும் கோல் அற்றாக்குக்கும் மட்டும்தான். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது, கைக்கு வந்தால் மூன்று செக்கனுக்குள் விட்டுவிட வேண்டும். 1990க்குப் பிறகு இங்கே மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, மாட்ச் என்றால் சைக்கிளில் டபிள்ஸ் போவோம். புதுப் பந்து எங்கே கிடைக்கும்? காற்றுப் போனால் சைக்கிள் கடை ஐயாவிடம் கொண்டுபோய் ஒட்டுப் போடுவோம். ஒட்டுப் போட்ட பக்கம் பாரமாக இருக்கும், பந்து ஒரு பக்கமாக இழுக்கும், அதையும் கணக்கில் வைத்துத்தான் நான் பாஸ் பண்ணுவேன். எங்கள் அணியில் என்னைப்போல பாஸ் கொடுக்கிறவள் இல்லை என்பார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

1994இல் ஒரு இறுதிப் போட்டி. ஒரு கோல் குறைவு, கடைசி நிமிடம். வட்டத்தின் விளிம்பில் பந்து என் கைக்கு வந்தது. கம்பம் நேரே முன்னால் 16 அடியில். எங்கள் கோல் ஷூட்டர் சறுக்கி விழுந்துவிட்டாள், கோல் அற்றாக்கை இரண்டு பேர் மறித்து நின்றார்கள். எறிந்திருந்தால் போட்டிருப்பேன், அந்தத் தூரத்தில் நான் பின்னேரங்களில் எத்தனையோ தரம் போட்டுப் பழகியவள். ஆனால் என்னுடைய எழுத்துக்கு அந்த உரிமை இல்லை. ஒருத்தி வெளியே வருவாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன், விசில் அடித்துவிட்டது. மூன்று செக்கன் முடிந்து பந்து மற்றப் பக்கத்துக்குப் போனது. தோற்றோம். அடுத்த வருடம் ஐப்பசியில் இடம்பெயர்ந்தோம், அதோடு என்னுடைய விளையாட்டும் முடிந்தது.

உன்னுடைய விளையாட்டில் அந்தக் கோடு இல்லை. இதை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச்சுப் பழக் கூடையை மாட்டி 13 விதி எழுதினபோது, பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்று வைத்தார். அப்படியென்றால் ஆரம்பத்தில் எல்லாருமே பாஸ் கொடுக்கிறவர்கள்தான், ஆனால் எல்லாருக்கும் கூடைக்குள் எறியவும் உரிமை இருந்தது. பெண்கள் விளையாடத் தொடங்கினபோதுதான் மைதானத்தைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். நியூ ஓர்லியன்ஸில் கிளாரா பேயர் என்ற ஆசிரியை, நெய்ஸ்மித் அனுப்பின படத்தில் ஆட்கள் நிற்கக்கூடிய இடத்தைக் காட்டப் போட்டிருந்த புள்ளிக் கோடுகளைத் தாண்டக்கூடாத எல்லை என்று விளங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். அதை வாசித்த அன்றைக்கு எனக்கு நெஞ்சுக்குள் ஒருமாதிரி ஆகிவிட்டது. வளையத்தின் உயரம் இரண்டு விளையாட்டிலும் ஒன்றுதான், 10 அடி. எனக்குக் கம்பம் மட்டும், உனக்குப் பின்னால் பலகையும் இருக்கிறது. எறியலாம் என்ற இடத்தில் நின்றுகொண்டு நீயே உனக்கு ஒரு கோடு போட்டுக்கொள்கிறாய் என்று பார்க்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

சரி, இது என்னுடைய மனக்குறை என்று நீ நினைக்கலாம். விளையாட்டுக் கணக்காகவே பார்ப்போம்.

நீ எறிய மாட்டாய் என்று தெரிந்தால் உன்னை மறிக்கிறவள் உன்னோடு நிற்க மாட்டாள், உள்ளே போய்விடுவாள். அப்போது உங்கள் நாலு பேரை அவர்கள் அஞ்சு பேர் மறிக்கிறார்கள். அந்த நெரிசலுக்குள் நீ எவ்வளவு வடிவான பாஸ் கொடுத்தாலும் வாங்குகிறவளுக்குத் திரும்ப இடமில்லை. மூன்றாவது மாட்சில் நடந்தது அதுதான். சென்ரர் அக்காவுக்கு நீ பந்து கொடுத்துக்கொண்டே இருந்தாய், அவ பாவம், இரண்டு பேருக்கு நடுவில் அந்தரப்பட்டுக்கொண்டு நின்றா. பந்து கொடுத்து அவவுக்கு உதவி செய்வதாக நீ நினைத்தாய். நீ இரண்டு தரம் தூரத்திலிருந்து போட்டிருந்தால் அந்த நீலச் சட்டை வெளியே வந்திருப்பாள், அக்காவுக்கு மூச்சு விட இடம் கிடைத்திருக்கும்.

நீதானே எனக்கு ஐயோவா பல்கலைக்கழகத்துக் கெய்ற்லின் கிளார்க்கின் வீடியோவெல்லாம் அனுப்பினாய். அவள் 2023-24 பருவத்தில் மாட்சுக்கு 31.6 புள்ளியும் 8.9 அசிஸ்ற்றும் (மற்றவள் கூடை போடக் கொடுத்த பாஸ்), இரண்டிலும் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களில் முதலிடம். ஒருத்தியால் எப்படி இரண்டும் முடிகிறது என்று கேட்டாய். நான் பார்த்த அளவில் அது இரண்டு வேலை இல்லை. அரை மைதானத்திலிருந்தே எறிந்துவிடுவாளோ என்ற பயத்தில் இரண்டு பேர் அவளிடம் ஓடுகிறார்கள், ஓடின உடனே பின்னால் ஒருத்தி தனிய நிற்கிறாள், பந்து அங்கே போகிறது.

ஆனால் உனக்கு நான் காட்ட விரும்புவது மற்றப் பிள்ளையை. 2023 அமெரிக்கக் கல்லூரிச் சம்பியன் போட்டியின் அரையிறுதி, ஐயோவாவுக்கு எதிரே அதுவரை ஒரு மாட்சும் தோற்காத சவுத் கரோலைனா. அவர்களுடைய கார்ட் ரேவன் ஜோன்சன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்கிறாள். கிளார்க் அவளை மறிக்கவே போகவில்லை, கையை ஒரு வீசு வீசிவிட்டு உள்ளேயே நின்றுகொண்டாள். "நீ எறிந்தால் எறி" என்ற மாதிரி. சவுத் கரோலைனா 77-73 என்று தோற்றது. உலகம் முழுக்க அந்தத் துண்டைப் பார்த்தது, ரேவனும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அந்தப் பிள்ளையின் முகம் உன்னுடைய முகம் மாதிரித் தெரிந்தது. அவள் ஒதுங்கிப் போகவில்லை. எறிந்து எறிந்து பழகி, தூர எறிதலில் முன்னேறித் திரும்பி வந்தாள். 2024 இறுதியில் அதே ஐயோவாவை 87-75 என்று வென்றார்கள், அன்றைக்குக் கிளார்க்கை மறித்தவர்களில் முக்கியமானவள் ரேவன்தான். அந்தப் பருவத்தில் அவர்கள் 38 மாட்சும் வென்றார்கள்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அம்மா சொன்னா என்று நீ நாளைக்கே கண்டபடி எறிவாய். ஒக்லஹோமாவில் ட்ரே யங் என்ற பெடியன் 2017-18இல் புள்ளி, அசிஸ்ற் இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம், மாட்சுக்கு 27.4 புள்ளி. ஆனால் பருவத்தின் பிற்பாதியில் அணி தடுமாறி, என்.சி.ஏ.ஏ. என்ற அந்தக் கல்லூரிச் சம்பியன் போட்டியில் முதல் மாட்சோடு வெளியே போனது. எல்லாப் பந்தும் ஒருவனுடைய கையால்தான் போக வேண்டும் என்று வந்தால் அவனும் களைப்பான், மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். உன்னுடைய அக்காமார் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. முதல் மாட்சில் இடதுபக்கம் நின்ற அந்தச் சின்னப் பிள்ளை முதல் கால் பகுதி முழுக்கப் பந்தைத் தொடவே இல்லை. அதை நீ பார்க்க வேண்டும். பந்து படாத கை குளிர்ந்துபோகும், பிறகு கொடுத்தாலும் விழாது. முதல் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாருக்கும் ஒருதரமாவது பந்து போகட்டும். நீயும் இன்னொருத்தியும் ஓடிப்போக எதிரே ஒருத்திதான் நிற்கிறாள் என்றால், அவள் உன்னிடம் வரும்வரை பந்தை வைத்திருந்துவிட்டுக் கொடு, நீ இப்போது முன்கூட்டியே கொடுத்துவிடுகிறாய். உங்கள் அணியில் எங்கட தர்ஜினி சிவலிங்கம் மாதிரி ஒருத்தி கூடைக்குக் கீழே நின்றால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு உயரத்தில் போடு என்றிருப்பேன். அவ விளையாடி 2018இல் சிங்கப்பூரில் இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் வந்ததே, வலைப்பந்தில் அப்படி ஒரு ஷூட்டர் இருந்தால் சென்ரருக்கு வேறு யோசனையே வேண்டாம். உங்கள் சென்ரர் அக்கா நல்லவ, கெட்டிக்காரி, ஆனால் அந்த உயரம் இல்லை.

பந்து கைக்கு வந்தால் கூடைக்கு எறிய அமெரிக்கக் கல்லூரியில் 30 செக்கன் இருக்கிறது, உனக்கு 24தான். 8 செக்கனுக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், மிச்சம் 16. அதில் நீ வலப்பக்கம் கொடுத்து, அங்கிருந்து உள்ளே போய், திரும்ப உன் கைக்கு வரும்போது மணிக்கூட்டில் நாலோ ஐந்தோதான் இருக்கும். அந்த நேரத்தில் நீ கொடுக்கிற பாஸ் உதவியில்லை பிள்ளை, பாரத்தை இன்னொருத்தியின் தலையில் வைக்கிறது. அவள் எறிந்து தவறினால் அவளுடைய பெயரில்தான் போகும்.

டியூக் பல்கலைக்கழகத்தின் பொபி ஹேர்லியைப் பற்றி உன் கோச்சிடம் கேட்டுப் பார். நாலு வருடத்தில் 1,076 அசிஸ்ற், பந்து கொடுக்கிறதுக்கென்றே பேர் போன ஆள், 1991, 1992 இரண்டு வருடமும் சம்பியன். ஆனால் 1992 அரையிறுதியில் இந்தியானாவோடு, அவர்களுடைய பெரிய ஆட்டக்காரர் லேற்னருக்கு அன்று சரிவரவில்லை என்றதும், ஹேர்லியே 26 புள்ளி போட்டார். மூன்றே புள்ளி வித்தியாசத்தில்தான் வென்றார்கள், 81-78. அடுத்த மாட்சில் திரும்பவும் கொடுக்கிறவராகவே இருந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்றைக்கு எது வேண்டுமோ அதைச் செய்தார்.

இன்னொன்று, இதை எழுதத்தான் எனக்குக் கை தயங்குகிறது. நீ எறியாமல் கொடுக்கிறதற்கு நானும் காரணம். சின்னனிலிருந்து "முதல் தம்பிக்குப் போடு", "அப்பா சாப்பிடட்டும்", "வந்த ஆட்களுக்குக் குடுத்துப்போட்டு எடு" என்று உன்னைப் பழக்கினது நான்தான். மீன் பொரியலில் நடுத்துண்டு உன்னுடைய கோப்பையில் விழுந்ததை நான் பார்த்த ஞாபகம் இல்லை. என் அம்மா என்னைப் பழக்கினா, நான் உன்னைப் பழக்கினேன். அந்தக் குணத்தை நீ விட வேண்டும் என்று சொல்லவில்லை, அது நல்ல குணம், அதனால்தான் உன்னை எல்லாருக்கும் பிடிக்கிறது. ஆனால் அக்காமார் ஒரு சொல் சொன்ன உடனே நீ எறிகிறதை நிற்பாட்டினது நல்ல குணத்தால் இல்லை, பேர் கெட்டுவிடுமோ என்ற பயத்தால். எனக்கு அந்தப் பயத்தை நன்றாகத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

அக்காமாரோடு முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியாதே. போய் இருந்து கதை. "என்னை மறிக்கிற ஆள் உள்ள வந்து நிண்டால் நான் எறிவன், அவள் வெளியில வந்தால் உங்களுக்குத் தருவன்" என்று சொல்லிவிடு. சொல்லிவிட்டு எறிந்தால் ஒருவரும் குறை நினைக்க மாட்டார்கள்.

பார்சல் நாளைக்குப் போடுகிறேன். பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, மிளகாய்த் தூள், அம்மம்மா தந்த ஒடியல். வடையை அணிக்கும் கொடு, கொஞ்சம் கூடவே போட்டிருக்கிறேன். அங்கே குளிராம், காலுறை போட்டுப் படு, முழங்காலுக்கு எண்ணெய் பூசு.

சனிக்கிழமை மாட்ச் வீடியோவை மறக்காமல் அனுப்பு. கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். விழுந்தது எத்தனை என்று நான் எண்ணப் போவதில்லை, ஆளில்லாமல் நின்றது எத்தனை, அதில் எறிந்தது எத்தனை, அதை மட்டும்தான் எழுதுவேன்.

அன்புடன்,
அம்மா