மகளுக்கு, அம்மாவின்ர மண்ணீரல் பற்றி

அன்பு மகளுக்கு,

கான்சர் இல்லாத கட்டிக்கு ஏனப்பா முழு மண்ணீரலையும் எடுக்க விட்டனீங்கள் எண்டு நேற்று போன்ல கேட்டாய். அம்மா பக்கத்தில இருந்தவ, அதால விரிவாக் கதைக்க ஏலேல்ல. இதை ஆறுதலா வாசி.

பித்தப்பையில கல் இருக்கோ எண்டு பாக்கத்தான் ஸ்கான் எடுத்தது. கல் இல்லை, மண்ணீரலில அஞ்சு சென்டிமீற்றர் அளவில ஒரு கட்டி. நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, இந்தக் கட்டிகள் அநேகமா இப்பிடித் தற்செயலாத்தான் பிடிபடுறது. பெரியம்மா உடனே அது பழைய மலேரியா எண்டிட்டா. அவ சொன்னதிலயும் ஞாயம் இருக்கு, முந்தி கந்தளாய்ப் பக்கமெல்லாம் பிள்ளையளின்ர வயித்தைத் தடவி மண்ணீரல் வீங்கியிருக்கோ எண்டுதானே பாத்தவை. ஆனா மலேரியாவுக்கு முழு மண்ணீரலும் வீங்கும், அம்மாவுக்கு அளவெல்லாம் சாதாரணம், ஒரு இடத்தில மட்டும் உருண்டையா நிண்டது.

பிறகு சீரி ஸ்கான், கொழும்பில எம்ஆர்ஐ ஸ்கான். மண்ணீரலில வாற நல்ல கட்டிகளில கூடக் காணுறது ஹீமான்ஜியோமா எண்ட இரத்தக் குழாய்க் கட்டி, அது எண்டா எம்ஆர்ஐயில ரீ2 எண்ட வகைப் படத்தில வெள்ளையாத் தெரியும். அம்மான்ர கறுப்பா இருந்தது, மருந்து ஏத்தினாப் பிறகு வெளியில இருந்து நடுவுக்கு சைக்கிள் சில்லுக் கம்பி மாதிரி கோடு கோடா நிறம் பிடிச்சது. அதைப் பாத்தே டொக்டர் சான்ட் (SANT) எண்ட, கான்சர் இல்லாத அபூர்வக் கட்டியா இருக்கலாம் எண்டு சொன்னவர். ஆனா லிம்போமா எண்ட நிணநீர்க் கான்சரும், வேற இடத்தில இருந்து பரவின கான்சரும் சிலவேளை படத்தில கிட்டத்தட்ட இப்பிடி வரும். பெட் ஸ்கானும் முடிவு சொல்லாது, சான்டும் அதில கான்சர் மாதிரிப் பளிச்செண்டு காட்டக்கூடும். கொஞ்சக் காலம் பொறுத்துத் திரும்ப எடுத்த ஸ்கானில கட்டி பெருத்திருந்தது, அதுக்குப் பிறகு பாத்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரேல்ல மகள்.

ஊசியால குத்தி எடுத்துப் பாத்திருக்கலாம்தானே எண்டாய். இப்ப மெல்லிய ஊசியால செய்யிறவைதான். ஆனா மண்ணீரல் முழுக்க இரத்தம், கசியிற பயம் எப்பவும் இருக்கு. அதைவிட, ஊசியில வாற சின்னத் துண்டை வச்சு இந்தக் கட்டிக்குப் பேர் சொல்லுறது கஷ்டம். லாப்பில வேலை செய்தவன் எண்டபடியா இது எனக்கு நல்லா விளங்கும். வெட்டின முகத்தில வெள்ளை நார்ப் பட்டிகளும் அதுக்கு இடையில கருஞ்சிவப்பு முடிச்சுகளும், அந்த அமைப்பை முழுசாப் பாக்கோணும். பிறகு ஸ்லைட்டுக்கு, செல்லில இருக்கிற குறிப்பிட்ட புரதங்களை மட்டும் பிடிக்கிற விசேஷ சாயம் போடுவினம். சிடி34, சிடி8, சிடி31 எண்டு மூண்டும் போட்டா அந்த முடிச்சுக்குள்ள மூண்டு விதமான இரத்தக் குழாய் பிரிஞ்சு தெரியும், அதுதான் சான்டின்ர அடையாளம். லிட்டோரல் செல் அஞ்சியோமா எண்டு மண்ணீரலில வாற இன்னொரு கட்டி இருக்கு, அதில சிடி68, சிடி21 பிடிக்கும், சிடி8 பிடிக்காது. அது வந்திருந்தா உடம்பில வேற எங்கயும் கான்சர் இருக்கோ எண்டும் தேடியிருப்பினம். சான்டுக்கு 2004இலதான் இந்தப் பேரே வைச்சது, எடுத்தாச் சரி, வேற மருந்து ஒண்டும் தேவையில்லை. ரிப்போர்ட்டில சான்ட்தான் எண்ட வரியை வாசிச்ச உடன பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் நிண்டு அழுதனான்.

இனி நீ யோசிக்க வேண்டியது கட்டியைப் பற்றி இல்லை. மண்ணீரல் இல்லாத ஆளுக்கு சில கிருமி மணித்தியாலக் கணக்கில இரத்தத்தில பரவிடும். ஒப்பரேஷனுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னமே அந்தக் கிருமியளுக்கு எதிரான நியூமோகொக்கல், மெனிஞ்சோகொக்கல், ஹிப் (Hib) எண்ட மூண்டு தடுப்பூசியும் போட்டாச்சு. இருந்தாலும் அம்மாவுக்குக் காய்ச்சல் எண்டா பனடோல் குடுத்துப் படுக்க வைக்கிற கதையே இல்லை, உடனே ஆஸ்பத்திரி. நாய் கடிச்சாலும் அப்பிடித்தான், சின்னக் காயம் எண்டு விடக்கூடாது. நீ அவவை இந்தியாவுக்குக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டனி, அங்க மலேரியா இருக்கு, போக முதல் டொக்டரிட்டக் கேட்டு மருந்து எடுக்கோணும். ரிக்கெட் போட முதல் எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அப்பா
திருகோணமலை