மழை மேகமும் ஓசோனும்: கதிருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடி வகுப்புக்குப் போகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். வகுப்பில் ஒரு பெண் கேட்டதாக எழுதியிருந்தாயே, அதை நாலு வரியில் முடிக்க மனம் வரவில்லை. "வெயிலால்தான் ஓசோன் உண்டாகிறது என்றால், வெயில் கொளுத்துகிற வெப்பமண்டலத்தில் அது ஏன் குறைவாக இருக்கிறது?" அந்தப் பிள்ளையை என் சார்பில் ஒரு முறை தட்டிக்கொடு.

அவள் நினைத்ததில் பாதி சரி. ஓசோன் அதிகம் உருவாவது வெப்பமண்டலத்துக்கு மேலே, மேகங்களையும் தாண்டிய காற்றடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரில்தான். ஆனால் விளைந்த இடத்தில் அது தங்குவதில்லை. அங்கே காற்று மெல்ல மேலெழுந்து, துருவங்களின் பக்கம் நகர்ந்து, கீழிறங்குகிறது. போகும்போது ஓசோனையும் அள்ளிக்கொண்டு போகிறது. பிரூவர், டாப்சன் என்ற இரு விஞ்ஞானிகளில், பிரூவர் 1949-ல் மேல்காற்றின் ஈரப்பதத்தை வைத்தும், டாப்சன் 1956-ல் ஓசோனை வைத்தும் இந்தச் சுழற்சியைக் கண்டு சொன்னார்கள். அதனால்தான் வெப்பமண்டலத்தில் ஓசோன் சுமார் 260 டாப்சன் அலகு (ஓசோனை அளக்கும் அலகு) இருக்கும்போது, வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில் வசந்த காலத்தில் 400-ஐத் தாண்டுகிறது. 260 அலகு என்பது எவ்வளவு தெரியுமா? நம் தலைக்கு மேல் இருக்கும் அத்தனை ஓசோனையும் தரைமட்ட அழுத்தத்தில், 0 டிகிரியில் பரப்பினால் 2.6 மில்லிமீட்டர் கனம். அவ்வளவுதான் நமக்கும் புற ஊதாக் கதிருக்கும் நடுவில் இருப்பது.

இதுவரை பாடப்புத்தகத்திலும் இருக்கும். மழை மேகம் ஓசோனை என்ன செய்கிறது என்பதைத்தான் நான் உனக்குச் சொல்ல நினைத்தேன்.

நான் பலூன் விட்ட காலம் உனக்கு நினைவிருக்கும். ஒரு தெர்மோகோல் பெட்டி. அதற்குள் பொட்டாசியம் அயோடைடு கரைசல் ஊற்றிய சின்னக் கிண்ணம், காற்றை இழுத்து அதில் குமிழியாக விடும் ஒரு குட்டிப் பம்பு. காற்றில் ஓசோன் இருந்தால் கரைசலில் அயோடின் பிரியும், துளியளவு மின்சாரம் ஓடும். அந்த மின்சாரம்தான் அளவு. பலூன் 30 கிலோமீட்டருக்கு மேல் போய் வெடிக்கும் வரை தரையில் உட்கார்ந்து, அந்த அளவு வரைபடத்தில் வரையும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். வெப்பமண்டலக் கடல் பக்கம் விடும் பலூன்களில் ஒரு விசித்திரம் உண்டு. 5, 6 கிலோமீட்டர் வரை ஓசோன் கொஞ்சம் கூடும். அதற்கு மேல் இன்னும் கூட வேண்டியது, 10 முதல் 14 கிலோமீட்டர் வரை குறைந்துபோகும். கடல் மட்டத்தில் என்ன இருந்ததோ கிட்டத்தட்ட அதே அளவு!

முதல் முறை அதைப் பார்த்தபோது கருவிக் கோளாறு என்றுதான் நினைத்தேன். கோளாறு இல்லை. இடிமேகத்தின் வேலை அது. கடல் மேல் இருக்கும் ஈரக்காற்றில், வெயிலும் நீராவியும் சேர்ந்து ஓசோனை அழித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த ஓசோன் வற்றிய காற்றை மேகம் ஒரு மணி நேரத்துக்குள் உச்சிக்குத் தூக்கிக் கொட்டிவிடுகிறது. பலூன் வரைந்தது மேகம் நடந்து போன தடம்.

அதே மேகம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். மின்னல் வெட்டும்போது நைட்ரஜன் ஆக்சைடு பிறக்கிறது, அது பிறகு வெயிலில் ஓசோனை உண்டாக்குகிறது. மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று, நடு உயரத்தில் இருக்கும் ஓசோனைத் தரைக்குக் கொண்டுவருகிறது. ஒரு நாள் மழைக்கு முந்தைய காற்று வீசி, சட்டென்று குளிர்ந்தது. அந்த நிமிடமே தரைக்கருவியின் கோடு நிமிர்ந்து ஏறியது. வெப்பம் இறங்க, ஓசோன் ஏற... இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டதை நான் மறக்கவே மாட்டேன்.

இப்போது எல் நினோவை நினைத்துப் பார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகுமே, அதுதான். மழை மேகங்கள் இந்தோனேசியப் பக்கத்தை விட்டு நடு பசிபிக்குக்கு நகர்ந்துவிடுகின்றன. மேகம் போன இடத்தில் கீழ் வளிமண்டல ஓசோன் கூடுகிறது, வந்த இடத்தில் குறைகிறது. 1997-ல் எல் நினோ வந்தபோது இந்தோனேசியாவில் காடு எரிந்த புகையும் சேர்ந்துகொண்டது. இதற்கும் மேலே, நிலநடுக்கோட்டு ஸ்ட்ராட்டோஸ்பியரில் ஏறக்குறைய 28 மாதத்துக்கு ஒரு சுற்றாகக் காற்று கிழக்கும் மேற்குமாகத் திசை மாறுகிறது. அதோடு ஓசோனும் சில சதவீதம் ஏறி இறங்குகிறது. அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு கவலை. ஓரிடத்தில் ஓசோன் குறைந்தது என்று ஒரு எண்ணைக் கேட்டதும், குளிர்பதன வாயுதான் காரணம் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த வாயுக்கள் செய்த கேடு உண்மை, அதில் எள்ளளவும் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதைச் சரியாகக் கணக்கிட வேண்டுமானால், காற்றும் மேகமும் செய்ததை முதலில் கழிக்க வேண்டும். 1998 முதல் சமோவா, நைரோபி, ரீயூனியன் போன்ற இடங்களிலிருந்து அலுக்காமல் பலூன் விட்டுக்கொண்டிருக்கிறார்களே, அதன் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

பழைய பலூன் வரைபடம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் கொடு. 12 கிலோமீட்டர் பக்கம் கோடு ஏன் உள்ளே வளைகிறது என்று நீ சொல்லிவிடாதே, அவளே கண்டுபிடிக்கட்டும். என்ன சொன்னாள் என்று எழுது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்.

உன்,
மாறன்