மவுண்ட்டுக்கு வெல்டிங் வைக்கும் முன் இதைப் படி

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டிலும் அவ்வாறே இருக்கும் என்று நம்புகிறேன். இத்தனை மாதங்களாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு உனக்கு என்மீது கோபம் இருக்கும். அது நியாயமானதே. ஆனாலும் அந்த வழக்கை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம், ஏனெனில் இது அவசரம். உன் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில், பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர் கொண்ட ரோவர் வி8 இன்ஜினை இறக்கிவிட்டாய் என்றும், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டுகளுக்கு முழு வெல்டிங் வைத்துவிட்டு, எரிந்த வாயுவை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பான ஹெடரைப் பிறகு பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்றும் வாத்தியார் சொன்னார். தயவுசெய்து அந்த வெல்டிங்கை நிறுத்தி வை. ஹெடர் கைக்கு வந்து, இருபுறமும் உட்கார்ந்து, ஸ்டீயரிங் தடையின்றித் திரும்புவதைக் கண்ணால் பார்க்கும்வரை மவுண்ட்டுகள் டாக் அளவிலேயே, அதாவது தற்காலிகப் புள்ளி வெல்டிங்கிலேயே, இருக்கட்டும்.

காரணம் எளியது. அந்தக் கார் பிறந்தபோது அதில் இருந்தது 1798 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின். அதன் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், அதாவது இடப்புறத்தில், இருந்தன. வலப்புறம் ஓட்டுநர் அமரும் உன் வண்டியில் ஸ்டீயரிங் தண்டு இறங்கும் பக்கத்தில் சூடான குழாய் எதுவும் இருந்ததே இல்லை. வி8 வந்தவுடன், அதுவரை காலியாக இருந்த அந்த வலப்பக்கத்தில் நான்கு குழாய்கள் வந்து நிற்கின்றன. அதே பக்கத்தில்தான் ஸ்டார்ட்டர் மோட்டாரும், இன்ஜின் அறையின் பின்சுவரான பல்க்ஹெட்டில் பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்களும் இருக்கின்றன. இன்ஜினை ஒரு விரற்கடை இடப்புறம் தள்ளுவதா, சற்றுப் பின்னுக்கு நகர்த்துவதா, அல்லது கொஞ்சம் உயர்த்துவதா என்பதை அந்த நான்கு குழாய்களே தீர்மானிக்க வேண்டும். மவுண்ட்டை முடித்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். அதன் பிறகு குழாயைத் தட்டி நெளிப்பதும் தண்டை மாற்றுவதும்தான் மிஞ்சும்.

இந்தச் சிக்கலை எம்ஜி நிறுவனமே இரண்டு முறை இரண்டு விதமாகத் தீர்த்திருக்கிறது. 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 காரில் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுகள் இன்ஜினின் உடற்பகுதியான பிளாக்கை ஒட்டியபடியே பின்னோக்கிச் சென்றன. தொண்ணூறுகளில் 3.9 லிட்டர் இன்ஜினுடன் வந்த ஆர்வி8 காரிலோ, இன்ஜின் அறையின் பக்கச் சுவரில், அதாவது இன்னர் விங்கில், துளையிட்டுக் குழாய்களைச் சக்கர வளைவுக்குள் வெளியேற்றினார்கள். இன்று நீ எந்த ஹெடர் வாங்கினாலும் அது இவ்விரண்டில் ஒன்றின் வாரிசுதான். பிளாக்கை ஒட்டிச் செல்வதை நீ விரும்புவாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் காரின் உடலில் ஒரு ரம்பம் பட்டால் உனக்கு இரண்டு நாள் தூக்கம் வராது. இருந்தாலும் நான் என் வண்டியில் இன்னர் விங் வழியைத்தான் எடுத்தேன். அதற்கான காரணங்களைக் கேட்டுவிட்டு முடிவெடு.

முதலாவது, குழாயின் வளைவு. பிளாக்கை ஒட்டிச் செல்லும் ஹெடரில் வாயு சிலிண்டர் ஹெட்டை விட்டு வெளியே வந்த சில அங்குலங்களுக்குள்ளேயே செங்குத்தாகத் திரும்ப வேண்டும். நான்கு குழாய்களும் மிகச் சீக்கிரத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இன்னர் விங் வழியில் வாயு நேராக வெளியே வந்து, நிதானமாக வளைந்து இறங்குகிறது. நான்கு குழாய்களையும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் அமைக்கவும் இடம் கிடைக்கிறது. இந்த இன்ஜினுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதை, சிலிண்டர்கள் எரியும் வரிசையான ஃபயரிங் ஆர்டரை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் நீயே கண்டுகொள்வாய். 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் இடப்பக்கம். அவற்றை மட்டும் பிரித்தெடுத்தால், கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே 270 பாகை, மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே 180 பாகை, ஆனால் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையே வெறும் 90 பாகை. வலப்பக்கத்தில் இதே நெருக்கம் எட்டுக்கும் நான்குக்கும் இடையே வருகிறது. ஐந்தாவது சிலிண்டர் தன் வாயுவை இன்னும் முழுதாக வெளியேற்றி முடிக்காத நிலையில், அதை அடுத்தே இருக்கும் ஏழாவது சிலிண்டரின் வால்வு திறந்து, முழு அழுத்தத்துடன் ஒரு அலை வந்து இறங்குகிறது. இரண்டும் கட்டையான மேனிஃபோல்டில் உடனே சந்தித்தால் அந்த அலை ஐந்தாவது சிலிண்டரின் வாசலையே முட்டுகிறது. தனித்தனி நீளக் குழாய்களில் அவ்வலை, குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டர்வரை தன் வழியே போய்விடுகிறது. அங்கே பிறக்கும் எதிர் அலை திரும்பி வந்து மிச்ச வாயுவை உறிஞ்சி எடுக்கவும் உதவுகிறது. நடு வேகத்தில் இழுவை கூடுவது இதனால்தான். சத்தத்துக்காக மட்டும் ஹெடர் போடுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அதே காரணத்தால் குழாயின் விட்டத்தில் பேராசை வேண்டாம். 3.5 லிட்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 441 சிசிதான். தெருவில் ஓட்டும் வண்டிக்கு ஒன்றரை அங்குலம் தாராளம். பெரிய குழாயில் வாயுவின் வேகம் குறைந்து, நீ அன்றாடம் பயன்படுத்தும் வேகத்தில்தான் இழுவை சரியும். நம் மாமா இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார். அவரிடம் நான் சொன்னதாகவே சொல்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது: ஸ்டீயரிங். நிற்கும் வண்டியில் குழாய்க்கும் தண்டுக்கும் இடையே இடைவெளி தெரிகிறது என்பதை நம்பாதே. முன்னிருந்து பார்த்தால் இன்ஜின் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது பிளாக் அதற்கு எதிர்த்திசையில் சாய்கிறது, அதாவது இன்ஜினின் மேற்பகுதி காரின் வலப்புறம் நோக்கி நகர்கிறது. நம்முடைய ஸ்டீயரிங் தண்டு இருக்கும் பக்கமும் அதுவே. ஆக, எந்த நேரத்தில் வண்டி வேகமெடுக்கிறதோ அந்த நேரத்தில்தான் இடைவெளி சுருங்குகிறது. அத்துடன் குழாய் சூடேறி நீளவும் செய்யும்: ஒரு மீட்டர் நீளம் 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் மென் எஃகு ஆறேழு மில்லிமீட்டரும், 304 வகை ஸ்டெயின்லெஸ் ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டரும் நீளும்.

நாங்கள் செய்தது இதுதான். உண்மையான ரப்பர் மவுண்ட்டுகளைப் போட்டு, கியர்பாக்ஸையும் அதன் மவுண்ட்டில் அமர்த்தி, காரைத் தன் சக்கரங்களில் நிறுத்தினோம். ஸ்டீயரிங் தண்டின் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட்டைச் சுற்றிக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைக் கனமாக அப்பி, வாத்தியார் ஒரு நெம்புகோலால் இன்ஜினை வலப்புறம் சாய்த்துப் பிடிக்க, நான் ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகத் திருப்பினேன். பிறகு களிமண்ணைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், மற்ற இடங்களில் விரல் கனம் இருந்த அது ஓரிடத்தில் தாளைப் போல மெலிந்து, ஜாயின்ட்டைப் பிடிக்கும் போல்ட்டின் அறுகோணத் தலை அச்சாகப் பதிந்திருந்தது. கண்ணால் பார்த்தபோது அங்கே ஒரு விரல் நுழையும் இடம் இருந்தது. நான்காவது சிலிண்டரின் குழாயை அந்த வளைவில் அறுத்து, சில பாகை திருப்பி டாக் வைத்து, களிமண்ணை மீண்டும் அப்பிச் சோதித்த பிறகுதான் முழு வெல்டிங்குக்குப் போனோம். இந்தச் சோதனையை நீ செய்யாமல் அந்த வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. சாலை வளைவில் ஸ்டீயரிங் ஒரு கணம் சிக்கினால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக் விஷயத்திலும் அதே கண்டிப்பு வேண்டும். டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. செம்பழுப்பாகக் காயும் குழாய்க்குப் பக்கத்தில் பிரேக் பைப்போ கிளட்ச் பைப்போ போனால் அதை வேறு வழியில் கொண்டுபோ, அல்லது நடுவே காற்றிடைவெளி விட்டுத் தகட்டுத் தடுப்பு வை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் தடுப்பு அவசியம். இல்லையெனில் சூடான இன்ஜினை அணைத்துவிட்டு உடனே கிளப்ப முயன்றால் அது முனகும்.

இன்னர் விங் வழியின் குறைகளையும் மறைக்கவில்லை. துளையிட்ட விளிம்பு பலமிழக்கும், ஆகவே சுற்றிலும் வளையத் தகடு வைத்து வலுப்படுத்த வேண்டும். சக்கரம் முழுதாகத் திரும்பி, சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும் நிலையில் டயர் குழாயைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். மழை நீரும் சேறும் குழாய்மீது நேராக அடிக்கும். மென் எஃகாக இருந்தால் உள்ளும் புறமும் செராமிக் பூச்சு கொடுத்துவிடு. துணி போன்ற அந்தச் சுற்றுப் பட்டையை மட்டும் சுற்றாதே, அது ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயை அரித்துவிடும்.

ஹெடரை ஹெட்டோடு இணைக்கும் தகடான ஃபிளேன்ஜ் பற்றி ஒரே சொல்: பழைய பயனற்ற சிலிண்டர் ஹெட் ஒன்றில் இறுக்கி வைத்தே வெல்டிங் செய், இல்லையெனில் அது வில்லாக வளையும். உன் ஹெட் அலுமினியம் என்பதால் போல்ட்டுகள் இறுகி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆன்ட்டி சீஸ் பசையைப் பூசி, நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக இறுக்கு. இரண்டு மூன்று முறை சூடாகி ஆறிய பிறகு மறுபடி பார். எட்டாவது சிலிண்டரின் பின்புற போல்ட்டுக்குக் கை எட்டுகிறதா என்பதை ஹெடர் வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்.

உனக்கு உடலை வெட்ட மனமில்லை என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். 1974 இறுதிக்குப் பின் வந்த ரப்பர் பம்பர் உடல் வி8 இன்ஜினை எளிதாக ஏற்கிறது. உன்னுடையது குரோம் பம்பர் வண்டி என்பதால் இடம் சற்று இறுக்கம். ஆகவே வலப்பக்க ஹெட்டின் முகத்திலிருந்து ஸ்டீயரிங் தண்டு வரையிலான தூரத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து எழுது. இன்ஜினின் நடுக்கோடு காரின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுது. அளவுகள் வந்த அன்றே பதில் போடுகிறேன். என் பழைய மாதிரிக் குழாய்களையும் வாத்தியார் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்