குசினி லைட்டை நூத்த அம்மா

திருக்கடலூர்,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

நாங்கள் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? ஆறு மாதமாக எழுதவில்லை என்று கோபிக்காதே, நீயும் ஒரு வரி போடவில்லை. பெரியக்கா வீட்டுக்கு ஓடு மாற்றியாச்சு. மாஸ்டர் இன்னும் அதே சைக்கிள்தான். இனி விசயத்துக்கு வருகிறேன்.

போன கிழமை, விடியப்புறம் நாலரை இருக்கும். தேத்தண்ணி வைக்க எழும்பிய அம்மா, குசினிக் கதவைத் திறந்ததும் "பரா! பரா!" என்று கத்தினா. சண்டைக் காலத்தில் இருட்டில் இடம் பார்க்க வானத்தில் விடுவார்களே, பரசூட்டில் தொங்கும் வெளிச்சக் குண்டு, அந்தப் பரா. ஓடிவந்து பார்த்தால், கடலுக்கு மேலே மணி கோர்த்த மாதிரி இருபது முப்பது வெளிச்சம், சத்தமே இல்லாமல் ஒரே வரிசையில் போகிறது. அம்மா முதல் வேலையாகக் குசினி லைட்டை நூத்தா. அடுப்பில் தண்ணியை ஊற்றினா. பிறகு நித்திரையாகக் கிடந்த என் சின்னவளைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு ஓடினா, பங்கர் இருந்த இடத்துக்கு. அதை மூடி வாழை வைத்து எத்தனை வருசம்!

அது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், மச்சான். ஏவிய புதிதில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகுமாம். எங்களுக்கு இருட்டாக இருக்கும்போதே அந்த உயரத்தில் வெயில் பட்டுவிடும், அந்த மினுக்கம்தான். எல்லாம் சொன்னேன், கேட்டா. ஆனால் விடியும்வரை வாழையடியை விட்டு அசையவில்லை. சண்டைக் காலத்தில் வெளிச்சம் முதல் வரும், செல், அதுதான் எறிகணை, பிறகு வரும். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தா.

அன்றிலிருந்து ராத்திரியில் இதைப் பற்றியே வாசிக்கிறேன். விளங்காத வெளிச்சங்களை விசாரிக்க அமெரிக்க விமானப்படை 1952 இல் 'புளூ புக்' என்று ஒரு திட்டம் தொடங்கி 1969 வரை நடத்தியிருக்கிறது. 1947 தொடக்கம் சேர்ந்த முறைப்பாடுகள் 12,618. அதில் 701க்குக் கடைசிவரை விளக்கம் இல்லை. மிச்சத்தில் கனக்க நட்சத்திரம், பலூன், விமானம். எனக்கு அந்த 701 பெரிதாகப் படவில்லை. அவர்கள் கொடுத்த படிவம்தான் மனதில் நிற்கிறது. எத்தனை மணி, எந்தத் திசை, எவ்வளவு நேரம், என்ன நிறம், கண்டதைக் கீறிக் காட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். 1966 இல் மிச்சிகன் சனம் கண்டதைச் சதுப்பு வாயு என்று அவர்களின் வானியல் ஆலோசகர் ஹைனெக் சொல்லப்போக, சனம் கொதித்துவிட்டது. பிறகு ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்ட் அப்போது காங்கிரஸில், அதாவது அமெரிக்கப் பாராளுமன்றத்தில், அந்த மாநிலத்தின் உறுப்பினர். காங்கிரஸ் விசாரிக்க வேண்டும் என்று நின்றார். சனத்தின் கண்ணுக்காகப் பேச ஒரு ஆள்!

சண்டைக் காலத்து எங்கள் வெளிச்சத்தில் விளங்காதது ஒன்றுமில்லை. யார் விட்டது, எங்கிருந்து விட்டது, குழந்தைக்கும் தெரியும். ஆனால் அம்மா என்ன கண்டா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, மச்சான். அதுதான் சுடுகிறது.

முந்தநாள் கொப்பியோடு பக்கத்தில் போய் இருந்தேன். "எந்த வருசத்தில இருந்து சொல்ல?" என்றா. ஆறு பக்கம் எழுதியாச்சு, இன்னும் 1990 முடியவில்லை.

நீயும் எழுது. 2006 ஆவணியில் டச் பே மணலில் நின்று மூதூர்ப் பக்கம் பார்த்தோமே, நான் பதினொரு பரா எண்ண, நீ பதினாலு என்று சண்டை பிடித்தாயே, அந்த இரவு. நேரம், திசை, பக்கத்தில் யார் நின்றது, எல்லாம் வேண்டும். கீறியும் அனுப்பு.

அம்மா உன்னைச் சுகம் கேட்டவ.

அன்புடன்,
உன் மச்சான்