முயல் பார்க்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். இங்கே கச்சான் காற்று, ஒரே வெக்கை. கன்பராவில் கடுங்குளிர் என்று அப்பா செய்தியில் பார்த்தார். சாப்பாட்டை விடாதே. நீ கோல் எடுக்காததற்கு வேலைதான் காரணம் என்று பெரியம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வேலைதானே?

முயல் வைரஸ் பற்றி நீ அனுப்பிய கட்டுரையை ஆறுதலாக இருந்து படித்தேன். முயல் இரத்தக்கசிவு நோய், 1984இல் சீனாவில் தெரியவந்த வருத்தம். நன்றாக நின்ற முயல் இரண்டு மூன்று நாளில் ஈரல் கெட்டுச் செத்துவிடும். பழைய வைரஸ் சின்னக் குட்டிகளையாவது விட்டுவைத்தது. 2010இல் பிரான்சில் தலைகாட்டிய புதிய இனம் அவற்றையும் விடுவதில்லை. 2015இல் அது அவுஸ்திரேலியாவுக்கும் வந்து, பழையதை ஓரங்கட்டிவிட்டது. ஒரே முயலுக்குள் இரண்டு வைரஸ் சேர்ந்தால் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் என்ற இடத்தில்தான் அசந்துபோனேன். முயலைக் கொல்லாத சாதுவான வைரஸின் துண்டுகூட, கொல்லும் வைரஸின் மேலுறையை ஆக்கும் துண்டோடு ஒட்டிக்கொள்ளுமாம்! நான் விஞ்ஞானம் படிப்பித்த காலத்துப் புத்தகத்தில் இதெல்லாம் எங்கே இருந்தது?

எதிர்வீட்டு டீச்சர், “முயலுக்கு வருத்தம் பார்க்கவா அவ்வளவு தூரம் போனவன்?” என்று கேட்டார். அங்கே முயல் பயிரையும் புல்லையும் தின்று தீர்ப்பதால் வேண்டுமென்றே வைரஸை விடுகிறார்கள், 2017இல்கூடக் கொரிய இனம் ஒன்றை விட்டார்கள் என்றேன். வாயடைத்துப் போனார்.

செத்த முயலை வெட்டும்போது கையுறை போடு. மனிதருக்குத் தொற்றாது என்பாய். 1951இல் சனத்தின் பயத்தைப் போக்க ஃபென்னர், பேர்னெட், கிளூனிஸ் ரொஸ் என்ற அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் மூவரும் முயலைக் கொல்லும் இன்னொரு வைரஸான மிக்சோமாவைத் தங்கள் உடம்பிலேயே ஏற்றிக் காட்டினார்களாம். அவர்கள் வீரம் அவர்களோடு. நீ கையுறை போடு.

தம்பியின் மகளும் இப்போது முயல் வளர்க்கிறாள். இலையானும் வைரஸைக் காவும் என்று படித்ததிலிருந்து பழைய நுளம்பு வலையைக் கூட்டில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். அப்பா சிரிக்கிறார்.

குருக்கள்மடத்து ஆட்கள் திரும்பவும் வந்து போனார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகத்தான் நீ கதைக்காமல் இருக்கிறாய் என்று அப்பா நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் முயலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு அம்மாவுக்கு இரண்டு வரி எழுத முடியவில்லையே.

சரி, வலை போதுமா, கூட்டுக்கு வேறு என்ன செய்ய வேண்டும்? கோல் எடுத்துச் சொல். மெசேஜில் வேண்டாம். கையுறையை மறக்காதே.

அம்மா
ஆரையம்பதி