கிணத்து சார் விழாவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்கும், லீவு போட்டு வந்து நின்ற பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பேராசிரியருக்கு எடுத்த விழா நல்லபடியாக முடிந்தது. அவர் பாடம் நிலவியல். நிலவியல் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் புவியியல் என்றுதான் காதில் விழும். அதனாலோ என்னவோ, அவர் எல்லோருக்கும் கிணத்து சார். பேரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் நன்றி, எங்கள் துறையின் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு. துறை வேறு கட்டடத்துக்கு மாறியபோது குப்பைக்குப் போகவிருந்த அந்தக் கண்ணாடித் தொட்டியைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் இத்தனை வருஷம் பரண்மேல் வைத்திருந்தவர் அவர். சாதாரண மீன்தொட்டிதான். அதில் மணலைப் பரப்பி, அடியில் நீல மை கலந்த உப்புத் தண்ணீரை விடுவார் சார். மேலே நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். நீலம் கீழேயே நிற்கும். அப்புறம் மெல்லிய குழாய் ஒன்றை நல்ல தண்ணீர் இருக்கும் ஆழம் வரை இறக்கி, சிரிஞ்சை எங்கள் கையில் கொடுப்பார். பொறுமையாக இழுத்தால் தெளிந்த தண்ணீர் வரும். வேகமாக இழுத்தால் அடியிலிருந்து நீலம் கூம்பு மாதிரி எழும்பி வந்து குழாயின் வாயைத் தொட்டுவிடும். "இதுதாம்மா நம்ம ஊரு" என்பார்.

உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். அந்தக் கொஞ்சத்திலிருந்துதான் அவர் கணக்கு தொடங்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை அது உப்பு நீரை ஏறவிடாமல் அமுக்கிப் பிடிக்கும். மேலே ஓர் அடி இறங்கினால், கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். விழாவில் அதே தொட்டியை வைத்து, அதே மாதிரி சிரிஞ்சைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி அவசரமாக இழுத்து, நீலம் வந்ததும் "ஐயையோ" என்று கையை எடுத்துவிட்டாள். எனக்கு என் முதல் வருஷம் நினைவுக்கு வந்தது.

இந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது சென்னைக்கு வடக்கே இருக்கும் மீஞ்சூர். கல்லூரிக்கு வருவதற்கு முன் அரசு வேலையில் இருந்தபோது, மாதாமாதம் கிணறு கிணறாகச் சைக்கிளில் போய் நீர்மட்டம் அளந்தவர். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணலுக்குள் அருமையான தண்ணீர் இருந்தது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வருஷக்கணக்காக ஆழ்குழாய் போட்டு இறைத்தார்கள். மழை நிரப்புவதைவிட இறைப்பது அதிகமானதும், கடல் மண்ணுக்கடியில் உள்ளே நடந்து வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்த விவசாயிகளோடு வரப்பில் உட்கார்ந்து பேசிய நாட்களைப் பற்றி அவர் சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிப்போகும். அந்த ஊரிலிருந்து, வயதான காலத்தில் ஆட்டோ பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்களுக்கு என் தனிப்பட்ட வணக்கம். அவர்கள் வருவார்கள் என்று சாருக்கே தெரியாது.

அடுத்து, ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் மேஸ்திரிக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

2003 கோடை. புழல் ஏரி வறண்டு கிடந்த வருஷம். எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்கு நடுராத்திரியில் குடங்களை வரிசை வைப்போம். நான் ஒன்பதாவது படித்தேன். தெருவில் எல்லோரும் பணம் போட்டு 150 அடிக்குப் போர் போடுவதென்று முடிவாகி, வண்டியும் வந்து நின்றுவிட்டது. சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "30 அடிக்குக் கீழே போகாதீங்க. கீழே களிமண், அதுக்கும் கீழே உப்புத் தண்ணி. துளை போட்டுட்டா மூடுறது கஷ்டம், பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெட்டுப்போகும்" என்றார். என் அப்பா உட்பட எல்லோருக்கும் கோபம். போர் ஓட்டத்துக்குத்தான் மேஸ்திரிக்குக் கூலி, ஓடவில்லை என்றால் அன்றைக்கு அவருக்கு எதுவும் இல்லை. அவர்தான் முதலில் இறங்கிவந்தார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும், நான் வண்டிய எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஆட்களைக் கூட்டிவந்து, மொட்டைமாடித் தண்ணீரைக் கிணற்றில் விட ஜல்லியும் மணலும் போட்டுத் தொட்டி கட்டிக்கொடுத்தவரும் அவரே. மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கிய வருஷமும் அதுதான். ஆனால் எங்கள் தெருவில் வெறும் பைப்பை நட்டுக் கணக்குக் காட்டவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சார் குனிந்து பார்த்தார். 2005 பெருமழைக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அம்மா பருப்பு வேகவைத்தாள். அதற்கு முன் அந்தத் தண்ணீரில் பருப்பு வெந்ததே இல்லை. அதற்கடுத்த வருஷம் நான் அவர் துறையில் போய்ச் சேர்ந்தேன், அப்பாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

களப்பயணங்களுக்கு வண்டி ஓட்டிய டிரைவர் அண்ணன் இன்றைக்கு நடமாட முடியாமல் இருக்கிறார், மகனை அனுப்பியிருந்தார். பல்லாவரத்திலும் அதிரம்பாக்கத்திலும் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1863-இல் ஆதிமனிதர்களின் கற்கருவிகளைக் கண்டெடுத்த கதையைச் சார் எங்களுக்குச் சொன்னது அந்த வண்டியில்தான். அதிரம்பாக்கத்தை ஒட்டி ஓடுகிற அதே கொசஸ்தலையாறுதான் எண்ணூரில் கடலில் கலக்கிறது என்று அவர் சொன்ன பிறகு, எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்க்கிற எங்கள் கண்ணே மாறிப்போனது. காசிமேட்டில் நிறுத்தி, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகம் தடுத்ததால் மெரினா வளர்ந்ததையும் ராயபுரம் கரைந்ததையும் காட்டுவார். கடலில் வீடு போனவர்கள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களிடமும் அதே பொறுமையோடு பேசுவார்.

2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, பக்கெட்டோடு இறங்கிய பிள்ளைகளோடு அவரும் போய் நின்றார். வாரிய சேற்றை மணலில் குழிதோண்டிப் புதைத்தால் கீழே இருக்கிற தண்ணீரும் போய்விடும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று அவருக்குக் குடையும் மோரும் கொண்டுவந்து கொடுத்த மீனவக் குப்பத்து அக்காக்கள்தான் விழாவுக்கு நூறு பேருக்குச் சாப்பாடு செய்தார்கள். வஞ்சிரம் குழம்பு பத்தாமல் போனதற்கு அவர்கள் வருத்தப்பட்டார்களாம். வருத்தப்படவே வேண்டாம், அக்கா. அது பத்தாமல் போனதே ருசியால்தான்.

மண்டபத்துக்கு வாடகை வாங்காதவருக்கும், மைக்செட் தம்பிக்கும், டீக்கடைக்காரருக்கும் நன்றி. சாரின் துணைவியாருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தெருவே கிணற்றுத் தண்ணீரைச் சாரிடம் காட்ட வீட்டுத் திண்ணையில் பாட்டிலோடு நிற்க, நாற்பது வருஷமாக முகம் சுளிக்காமல் காபி போட்டுக் கொடுத்த அம்மா அவர்.

சால்வை, கேடயம் எதுவும் வேண்டாம் என்று சார் முன்னாடியே சொல்லிவிட்டார். "வர்றவங்க அவங்கவங்க வீட்டுக் கிணத்துத் தண்ணிய ஒரு பாட்டில் கொண்டுவரட்டும்" என்றார். 61 பாட்டில்கள் வந்தன. சாப்பாடு முடிந்ததும் பழைய மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சோதித்தோம். சார் நோட்டில் தன் கையாலேயே தெரு வாரியாக எழுதிக்கொண்டார். முடிவுகளை டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

இரண்டு பாட்டில்களில் மட்டும் பெயர்ச்சீட்டு இல்லை. ஒன்று பச்சை மூடி போட்ட ஒரு லிட்டர் பாட்டில், அந்தத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. இன்னொன்று பழைய ஜூஸ் பாட்டில், அதில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டுகிறது. அது யார் வீட்டுக் கிணறு என்று தெரிந்தால் தயவுசெய்து டீக்கடையில் சொல்லிவிடுங்கள், சார் வந்து பார்க்கிறேன் என்கிறார். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

பழைய மாணவர்கள் சார்பில்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மாணவி